2038 தை மாதத்தில் நெல் விற்பது எப்படி?

முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. பொங்கல் கழிந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். ஒரத்தநாடு, மன்னார்குடி பக்கமெல்லாம் சம்பா அறுவடை மும்முரம். நேரடி கொள்முதல் நிலைய வாசலில் மூட்டை அடுக்கியிருக்கும். பழைய 32 பிட் கணக்கில் ஓடும் நிரல்களுக்குத் தேதி தீர்ந்துபோவதும் அப்போதுதான். அவை 1970 ஜனவரி 1 முதல் நொடி நொடியாக எண்ணிக்கொண்டிருக்கின்றன. 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647-க்கு மேல் எண்ண இடமில்லை. மரக்கால் நிறைந்தால் நெல் சிந்தும். இது சிந்தாது, நேரே 1901 டிசம்பருக்குப் போய்விடும்.

பதற வேண்டாம். 1901-ல் சௌகரியங்கள் உண்டு. மேட்டூர் அணையே 1934-ல்தான் கட்டி முடிந்தது. ஆகவே ஜூன் 12 திறப்பார்களா மாட்டார்களா என்ற கவலை கிடையாது. 1924 ஒப்பந்தமும் இல்லை, நடுவர் மன்றமும் இல்லை. திருவாரூருக்குப் போவதா மயிலாடுதுறைக்குப் போவதா என்ற அலைச்சலும் மிச்சம். எல்லாம் ஒரே தஞ்சாவூர் ஜில்லா. அடங்கலில் பசலி 1447 இருக்க வேண்டிய இடத்தில் 1311 என்று அச்சாகலாம். வி.ஏ.ஓ.விடம் காட்டினால், "ஜமாபந்தியில மனு கொடுங்க" என்பார். கொடுங்கள்.

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியவர்கள் முன்னதாகவே விழிக்க வேண்டும். கெடு என்பது வரப்போகும் தேதி. அதனால் இந்தக் கோளாறு 2038 வரை காத்திருக்காது. ஒரு வருஷக் கெடு என்றால் 2037 தையிலேயே தலைகாட்டும். உரிய நாளில் கட்டினால் வட்டி இல்லை என்பது சரி. உரிய நாளே 1901-ல் விழுந்தால்? 136 வருஷப் பாக்கிக்காரர் ஆகிவிடுவீர்கள். அதிலும் ஒரு லாபம்: 2021-ல் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி ஆனது, அந்த ஜனவரி 31 வரை நிலுவையில் இருந்த கடனுக்கு. 1901 முதல் நிலுவை என்றால் இதுவரை அறிவித்த எல்லாத் தள்ளுபடிக்கும் நீங்கள் தகுதியானவர்.

"2000-லயும் இப்படித்தான் பயமுறுத்துனாங்க, ஒண்ணும் ஆகலையே" என்று டீக்கடையில் ஒருவர் சொல்வார். ஒன்றும் பெரிதாக ஆகாததற்குக் காரணம், பல ஊர்களில் பல பேர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து இரண்டு இலக்க வருஷங்களைத் திருத்தியது. அந்த வேலையில் நம் ஊர்ப் பிள்ளைகளே நிறையப் பேர் சம்பாதித்தார்கள். இந்தத் தடவையும் மருந்து தெரிந்ததுதான்: 64 பிட்டுக்கு மாற்றுவது. புதிய கணினிகளில் அது பெரும்பாலும் நடந்தாயிற்று. என்றைக்கோ டெண்டர் விட்டு எழுதி வாங்கி, எழுதியவரும் போய், வாங்கியவரும் ஓய்வு பெற்ற நிரல்தான் ஆபத்து. "ஓடுதுல்ல, விடுங்க" என்று யாரும் தொடாமல் வைத்திருப்பார்கள்.

ஆகவே பட்டா, சிட்டா, சங்க ரசீது எல்லாவற்றையும் காகிதத்தில் எடுத்து, எலி கடிக்காத இடத்தில் வையுங்கள். டோக்கனில் 1901 என்று வந்தால் கிழித்துவிடாதீர்கள். நூற்று முப்பத்தாறு வருஷம் வாசலில் காய்ந்த நெல்லை ஈரம் என்று யார் தள்ள முடியும்? அப்படியும் 17 சதவீதத்தைத் தாண்டினால் மத்திய அரசிடம் தளர்வு கேட்க வேண்டும். 2023 பிப்ரவரி மழைக்குப் பிறகு 20 வரை தளர்த்தினார்கள். மனுவை டெல்லிக்கு அனுப்பிவிடாதீர்கள். 1901-ல் தலைநகர் கல்கத்தா.