சால்வையின் ஓட்டைகள்: ஒரு கணக்காய்வு

கம்பளிச் சால்வையில் ஓர் ஓட்டை விழுந்தால் பூச்சி அரித்துவிட்டது என்பார்கள். ஆயிரக்கணக்கில் விழுந்தால் லேஸ் என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். இந்த முரண்பாட்டை அறிவுலகம் உரிய கவனத்துடன் அணுகியதாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்க முனைகிறது இக்கட்டுரை. ஆய்வுக் களம், பிரிட்டனின் வடகோடியில் ஷெட்லாந்துத் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த அன்ஸ்ட். ஒப்பீட்டுக்கு எஸ்தோனியாவின் ஹாப்சலு.

1. கருதுகோள்

ஓட்டை சும்மா வராது. நூலை ஊசிமேல் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினால் அங்கே ஓர் ஓட்டை பிறக்கும்; கூடவே கண்ணி ஒன்று அதிகமாகிவிடும். அந்த உபரியை நேர்செய்ய, பக்கத்திலோ சற்றுத் தள்ளியோ இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்ன வேண்டும். ஆக, ஒவ்வோர் ஓட்டைக்கும் ஒரு வரவு, ஒரு செலவு. லேஸ் பின்னுவதைக் கலை என்பாரும் உளர். அது இரட்டைப் பதிவுக் கணக்கு என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

2. சான்று

ஒரு சுற்று விட்டுப்போனால் உடனே தெரியாது. சில வரிசைகள் ஏறிய பிறகு, இலையாக வரவேண்டியது கோணிக்கொண்டு பக்கத்துப் பூவுக்குள் நுழையும். பிரித்துப் பின்னலாமென்றால், மெல்லிய நூலில் ஓட்டைகளுக்கு நடுவே நழுவிய கண்ணியைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. அதனால் விவரம் தெரிந்தவர்கள் அவ்வப்போது ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளிலும் வழவழப்பான வேற்று நிற நூலைக் கோத்து வைப்பார்கள். எவ்வளவு பிரிந்தாலும் அதற்குக் கீழே போகாது. தணிக்கை முடிந்த பக்கம் அது.

3. பலன்

பின்னி முடித்த சால்வை சுருங்கிக் கசங்கித்தான் கிடக்கும். அதை நனைத்து, ஷெட்லாந்தில் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். ஈரத்தில் விடுபடும் கம்பளியின் ஹைட்ரஜன் பிணைப்புகள், உலரும்போது இழுத்த நிலையிலேயே மறுபடி சேர்கின்றன. ஓட்டைகள் திறந்து, பூவும் இலையும் தெரியும்.

அன்ஸ்டின் உச்சச் சாதனை 'மோதிரச் சால்வை'. ஆட்டின் கழுத்துப் பக்கத்து மென்மயிரைக் கையால் பறித்து, கையாலேயே நூற்றுப் பின்னியது. ஏறத்தாழ ஆறடிச் சதுரம் முழுவதும் ஒரு கல்யாண மோதிரத்துக்குள் நுழைந்து வெளியே வந்துவிடும். ஓட்டைகளின் தொகுதி ஒன்று இன்னோர் ஓட்டை வழியாகப் பயணம் செய்யும் இந்நிகழ்வு தனி ஆய்வுக்குரியது.

4. கணக்கு இடித்த இடம்

1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியில் ஷெட்லாந்து லேஸ் இடம்பெற்றது. சீமாட்டிகள் விரும்பி வாங்கினார்கள். ஆனால் பின்னிய பெண்களுக்குக் கடைக்காரர்கள் பெரும்பாலும் காசு தரவில்லை. தேயிலையும் துணியுமாகவே கொடுத்தார்கள். இதை விசாரிக்க அரசு ஆணையமே அமைந்து, 1872இல் அப்பெண்கள் அதன்முன் சாட்சி சொன்னார்கள். ஒரு கண்ணிகூடத் தவறாமல் வரவு செலவைச் சமன்செய்தவர்களின் பெயரில், கடைப் பேரேட்டில் மட்டும் ரொக்கம் ஏறவேயில்லை.

ஹாப்சலுப் பெண்கள் வேறு வழி கண்டார்கள். அங்கே சால்வையை எடைபோட்டு வாங்கினார்களாம்; ஓட்டைக்கு எடை கிடையாது. எனவே ஒரே கண்ணியிலிருந்து ஏழு கண்ணிகள் எடுத்து, அடுத்த வரிசையில் ஏழையும் ஒன்றாக்கி, குமிழ் குமிழாகப் பின்னி எடையைக் கூட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது.

கணக்கியல் நோக்கில் ஹாப்சலு முறையே மேலானது என இக்கட்டுரை முடிவு செய்கிறது. ஏழு கண்ணிகளுக்குள்ளும் ஒரே ஊசிமுனையை நுழைக்கப் போராடிக்கொண்டிருப்பவர்கள் மட்டும் இம்முடிவுக்கு இன்னும் உடன்படவில்லை.