ஒரத்தநாட்டு மோட்டார் கொட்டகையிலிருந்து இந்திய மின்தொகுப்பைக் காப்பது எப்படி?

2013 டிசம்பர் 31 வரை ஒரத்தநாட்டு விவசாயிக்கு இந்தப் பொறுப்பு கிடையாது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கே மின்தொகுப்பு அடுத்தடுத்துச் சரிந்தது. இரண்டாம் நாள் ஏறக்குறைய 60 கோடிப் பேர் வாழும் பகுதியே இருண்டது. தெற்கு தனித் தொகுப்பாக இருந்ததால் நமக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வருஷம் நம்மூரில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்டு போனதே, அது முழுக்க நம் சொந்தத் தயாரிப்பு. பிறகு ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாகத் தெற்கையும் சேர்த்துவிட்டார்கள். இப்போது உங்கள் போர் மோட்டாரும் பஞ்சாப்காரர் மோட்டாரும் ஒரே 50 ஹெர்ட்ஸுக்குச் சுற்றுகின்றன. அதை 49.90-க்கும் 50.05-க்கும் நடுவே பிடித்துவைக்கச் சென்னையிலும் பெங்களூரிலும் ஆட்கள் ராத்திரி முழுக்க விழித்திருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் எப்படி ஒத்தாசை செய்வது என்று பார்ப்போம்.

முதலில், எவ்வளவு கரண்டு இழுப்பீர்கள் என்பதை யாருக்கும் தெரியவிடாதீர்கள். இதில் உங்கள் சாமர்த்தியம் பாதிதான். மீதியை மேட்டூர் பார்த்துக்கொள்ளும். அணை ஜூன் 12-இல் திறக்க வேண்டும் என்பது வழக்கம். 2022-இல் மே 24-க்கே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 ஆயிற்று. புது ஆற்றில், அதாவது கல்லணைக் கால்வாயில், தண்ணீர் வந்தால் போர் மோட்டார்கள் கொஞ்சம் மூச்சு வாங்கும். வராவிட்டால் குறுவை முழுக்க நிலத்தடி நீர்தான். திட்டம் போடுகிறவர், கர்நாடகத்தில் பெய்யப்போகும் மழையை வைத்து ஒரத்தநாட்டு மின்தேவையைக் கணக்கிட வேண்டும். அதே மாதங்களில் முப்பந்தல் காற்றாலைகளில் காற்று எப்போது எழும், எப்போது படுக்கும் என்றும் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் இலவச மின்சார இணைப்பில் பெரும்பாலும் மீட்டரே இல்லை. மீட்டர் வைக்க வந்தால் விடாதீர்கள். இன்றைக்கு மீட்டர், நாளைக்கு பில் என்ற பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கரண்டு நின்ற அடுத்த நிமிஷமே, "எவ்வளவு தேவைன்னுகூடத் தெரியாம என்னத்த ஈபி நடத்துறாங்க?" என்று டீக்கடையில் சத்தமாகக் கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது கையிருப்பு. கூடங்குளத்தில் 1000 மெகாவாட் உலை ஒன்று திடீரென்று நின்றாலும் மற்றவை தாங்க வேண்டும் என்பது விதி. அதற்காக எங்கோ சில இயந்திரங்கள் முழு பாரம் ஏற்றாமல் காத்திருக்கும். அதற்கு எதற்குக் காசு என்று கேளுங்கள். பழுது நட நாற்றங்காலில் நீங்கள் நாற்று மிச்சம் வைப்பது வேறு விஷயம்.

லைனுக்கு நேர் கீழே தென்னை வையுங்கள். லைன்மேன் அரிவாளோடு வந்தால், "காய்க்கிற மரம்ண்ணே" என்று மறித்துக்கொள்ளுங்கள். ஒன்று போனாலும் தாங்கும் என்பதுதானே விதி. 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னைகளைச் சாய்த்துக்கொண்டு போனபோது விழுந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்த மின் ஊழியர்கள் சேற்று வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்தார்கள். ஒரு லட்சம் ஒன்றாகப் போனால் என்ன செய்வது என்று எந்த விதியிலும் இல்லை.

சொல்லிவிட்டுச் செய்யாதீர்கள், இது முக்கியம். கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு நாடே ஒன்பது நிமிடம் விளக்கை அணைத்தது. 31,000 மெகாவாட்டுக்கு மேல் தேவை சட்டென்று இறங்கியும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் முன்பே அறிவித்துவிட்டதால், அணைக்கட்டு டர்பைன்களைத் தயாராக வைத்துத் தாங்கிவிட்டார்கள். இலங்கையில் 2025 பிப்ரவரி 9 அன்று பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்தது; நாடு முழுக்க இருட்டு. ஞாயிற்றுக்கிழமைப் பகல், தேவை குறைவு, சோலார் அதிகம், அதிர்ச்சியைத் தாங்கக் கனத்துச் சுழலும் இயந்திரங்கள் கொஞ்சம். குரங்கு முன்னறிவிப்புக் கொடுப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஆட்டோ ஸ்டார்ட்டர். ராத்திரி இரண்டு மணிக்கு த்ரீ ஃபேஸ் வந்தாலும் மோட்டார் தானே எடுத்துக்கொள்ளும். பாம்பு கிடக்கிற வரப்பில் டார்ச்சோடு போக வேண்டாம். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிற அத்தனை பேரும் மாட்டினால்தான் முழுப் பலன். கரண்டு வந்த நொடியில் எல்லா மோட்டாரும் சேர்ந்து கிளம்பும். கிளம்பும்போது ஓடுவதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஃபியூஸ் போகும். யாராவது தடித்த கம்பியாகப் போட்டுக் கட்டுவார்கள். அடுத்த தடவை ஃபியூஸ் போகாது, டிரான்ஸ்ஃபார்மர் போகும். டைமர் வைத்து ஆளுக்கு இரண்டு நிமிஷம் தள்ளிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை என்பார் ஜேஇ. நல்ல யோசனை, தலையாட்டுங்கள். மற்றவர்கள் எல்லாரும் தள்ளி வைக்கட்டும். உங்கள் டைமரை மட்டும் பூஜ்யத்தில் விட்டுவிடுங்கள். இந்தக் கட்டுரை பக்கத்து வயல்காரர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.