நாற்பத்தைந்து எழுத்துப் பதம்: ஓர் உறுப்பிலக்கண ஆராய்ச்சி

நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோப்பிக்சிலிகோவால்கேனோகோனியோசிஸ் என்பது நுரையீரல் நோய் ஒன்றின் ஆங்கிலப் பெயர். 45 எழுத்தும் 19 அசையும் உடையது. பகுபதத்துக்கு உறுப்பு ஆறு என்று நன்னூல் வகுத்திருந்தும், இப்பதத்தை அம்முறையில் அறுத்துப் பார்ப்பார் இல்லாதது தமிழுக்குப் பெருங்குறை. அக்குறை இன்றோடு நீங்குகிறது.

அசை: நியூ-மோ-னோ என்று தொடங்கும் ஒருவர், பின்னிரண்டு அசைகளைச் சேர்த்து 'மோனோ' ஆக்கி, அதற்கு 'ஒன்று' எனப் பொருள் கண்டு, இது ஒற்றை நுரையீரலை மட்டும் தாக்கும் நோய் என உரை வரையக்கூடும். அது போலியுரை. கிரேக்கத்தில் நுரையீரல் 'நியூமோன்'. அதன் ஈற்று மெய்யை அசை பிரித்தவர் அடுத்த வீட்டுக்கு அனுப்பியதால் வந்த குழப்பம் இது. நாக்கு வெட்டும் இடத்தில் பொருள் வெட்டுப்படுவதில்லை என்க.

உறுப்பு: அல்ட்ரா என்பது 'அப்பால்'. மைக்ரோஸ்கோப்பிக்கோடு சேர்ந்து 'நுண்ணோக்கிக்கும் எட்டாத' என்றாகிறது. சிலிகோ என்பது சிலிக்கா, வால்கேனோ எரிமலை, கோனிஸ் தூசு. ஓசிஸ் நோய்நிலை காட்டும் விகுதி. நியூமோனுக்கும் அல்ட்ராவுக்கும் இடையில் நிற்கும் ஓகாரம் சாரியை. காலங்காட்டும் இடைநிலை இல்லை. ஆகவே நோய் வந்துவிட்டதா, வரப்போகிறதா என்பதைப் பதம் சொல்லாது. விகாரத்தைத் தனியே தேட வேண்டா. பதம் முழுவதுமே விகாரம். ஆங்கிலத்தில் முதலெழுத்தான 'பி' ஒலிப்பதே இல்லை; இருந்தும் தலைமை வகிக்கிறது. பதவி வேறு, பணி வேறு என்பதற்கு இது சான்று.

பிறப்பு: 1935இல் அமெரிக்காவின் நேஷனல் பஸ்லர்ஸ் லீக் என்னும் புதிர்ப்பிரியர் சங்கத்தின் தலைவர் எவரெட் ஸ்மித், ஆங்கிலத்தின் மிக நீண்ட சொல்லாக இருக்கட்டும் என்றே இதைக் கட்டினார். பின்னர் அகராதிகளும் இடம் கொடுத்தன. நோய்க்குப் பெயர் தேடுவது உலக வழக்கு. இங்கே நீளமான பெயர் தனக்கொரு நோயைத் தேடிக்கொண்டது.

மறுப்பும் விடையும்: நோயாளி இப்பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியுமா என்பர் சிலர். சொல்ல முடிந்தால் அவருக்கு நுரையீரல் நலம் என்று மருத்துவர் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

முடிபு: சிலிக்காத் தூசால் வரும் இந்நோயை மருத்துவர்கள் சிலிகோசிஸ் என்றே எழுதுகின்றனர். ஆங்கிலத்தில் அதற்கு 9 எழுத்து. 45இல் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. எஞ்சிய 36 எழுத்தும் இசை நிறைக்க வந்த அளபெடை என்பதே இவ்வாய்வின் துணிபு.