ஒற்றைத் தோடுகளின் காலம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் கேம்டன் சந்தையில் சனி, ஞாயிறுகளில் ஒரு வெள்ளி நகைக் கடையில் நின்றேன். கடை என்றால் ஒரு மேசை, அதன்மேல் கறுப்பு வெல்வெட், மழைக்கு மறைக்க ஒரு தார்ப்பாய். மேசையின் ஓரத்தில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். சோடி தொலைந்த தோடுகள், கொளுக்கி வளைந்தவை, கல் விழுந்தவை எல்லாம் அதற்குள் போகும். எதை எடுத்தாலும் ஒரே விலை. கறுப்பு உடுத்தித் திரியும் கோத் பிள்ளைகள் வந்தால் மேசையில் வரிசையாக அடுக்கிய நல்ல சோடிகளைப் பார்ப்பதற்கு முன்பே அந்தப் பெட்டிக்குள் கையை விடுவார்கள். மற்றவர்களுக்குக் கழிவாகத் தெரிந்தது அவர்களுக்குத்தான் சரக்கு.

1982 ஜூலையில் சோஹோவில் பேட்கேவ் என்ற இரவு விடுதி திறந்ததிலிருந்து கோத் கோலம் ஒரு வடிவத்துக்கு வந்துவிட்டிருந்தது. பாடகி சூசி சூவின் கண்மை, பௌஹவுஸ் குழுவின் இசை, கறுப்பு வலைத்துணி, வெளுத்த முகம். உலோகம் என்றால் வெள்ளி, அல்லது வெள்ளி மாதிரித் தெரிவது. தங்கத்தை அவர்கள் தொடவே மாட்டார்கள். தங்கத் தோட்டோடு பிறந்தவள் போல வளர்ந்த எனக்கு அதுவே பெரிய வியப்பு.

என் தோழியின் இடது காதை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும். மடலின் முதல் துளையில் பியூட்டர் என்ற வெள்ளீயக் கலவையில் வார்த்த வௌவால். லெஸ்டர் நகரத்து ஆல்கமி நிறுவனம் 1977 முதல் செய்துவந்த நகைகளின் சாயல் அதில் இருந்தது. இரண்டாவது துளையில் அவள் பாட்டியிடமிருந்து வந்த ஜெட் துளி. மூன்றாவதில் ஒரு வெறும் வளையம். அதற்கு மேலே ஊசி, ஆம், துணி குத்தும் ஊசிதான். விளிம்பு நெடுக மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும் வளையங்கள். உச்சியில் துளையே இல்லாமல் கவ்விக்கொண்டிருக்கும் ஒரு பட்டை. அதிலிருந்து கீழே வௌவால்வரை தொங்கும் மெல்லிய சங்கிலி. வலது காதில் ஒரே ஒரு சிலுவை.

அந்த அடுக்கில் ஒரு ஒழுங்கு இருந்தது. கனமானது அடியில் இருக்க வேண்டும். கண் அங்கே இறங்கி, பிறகு விளிம்பு வழியாக ஏற வேண்டும். எல்லாமே மின்னினால் எதுவும் தெரியாது. ஆகவே மின்னும் வளையத்துக்குப் பக்கத்தில் மங்கிய கறுப்பு ஒன்று வரவேண்டும். ஏதாவது ஒன்று அசைய வேண்டும். இரண்டு காதும் ஒத்துப்போகவே கூடாது. புதிய வெள்ளி கண்ணைக் கூசச் செய்தால் அதைக் கறுக்க வைக்க அவர்களிடம் ஒரு வழி இருந்தது. அவித்த முட்டையை நசுக்கி, நகையோடு ஒரு டப்பாவில் மூடி வைப்பார்கள். முட்டையிலிருந்து வரும் கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். பிறகு மேட்டுப் பகுதியை மட்டும் துணியால் தேய்த்தால் பள்ளங்களில் கறுப்பு தங்கிவிடும். நூறு வருடம் பெட்டியில் கிடந்ததுபோல இருக்கும்.

ஜெட்டைப் பற்றிச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் விட்பி என்ற ஊர். 1897இல் வந்த டிராகுலா நாவலில் அந்தப் பிரபு கப்பலேறி வந்து இறங்கும் இடம். அந்தக் கரையோரப் பாறைகளில் கிடைக்கும் ஜெட், சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் புதைந்து இறுகிய மரம். 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு விக்டோரியா அரசி துக்கம் காக்கத் தொடங்கியதோடு, ஜெட் அணிவது நாடு முழுக்கப் பரவியது; விட்பியில் பட்டறைகள் பெருகின. துக்கத்துக்காகச் செதுக்கிய நகைகள்தான் நூறு வருடம் கழித்துப் பாட்டிகளின் பெட்டிகளிலிருந்து கோத் பிள்ளைகளின் காதுக்கு வந்தன. கறுப்புக் கண்ணாடியில் போலிகள் நிறைய உண்டு. கையில் எடுத்தாலே தெரிந்துவிடும்: கண்ணாடி குளிரும், கனக்கும். ஜெட் தொட்டால் குளிராது, பஞ்சு மாதிரி லேசு. மெருகிடாத பீங்கானில் தேய்த்தால் மண்ணிறக் கோடு விழும். அந்த லேசுதான் அதன் பெரிய குணம். விரல் நீளத்துக்குத் தொங்கவிட்டாலும் மடல் கிழியாது.

அதே தோழியை எங்கள் பள்ளியில் தலைமையாசிரியரின் அறைக்கு முன்னால் நிறுத்தி, எல்லாவற்றையும் கழற்றி ஓர் உறைக்குள் போட வைத்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். என் காதிலும் துளை இருந்தது, தோடும் இருந்தது. எனக்குக் குத்தியது எங்கள் பண்பாடு என்று விட்டுவிட்டார்கள். அவளுக்குக் குத்தியது அடங்காமை என்று எழுதினார்கள். அவளுடைய ஜெட் துளி மூன்று தலைமுறை கைமாறி வந்தது. என் தோடு கடையில் புதிதாக வாங்கியது. அந்த நியாயம் எனக்கு இன்றுவரை ஏறவில்லை.

எங்கள் பக்கமும் சொல்ல வேண்டும். என் அக்காவின் கலியாணத்துக்கு அவள் வந்தாள், முழுக் கோலத்தோடு. பந்தி நடக்கும்போது ஒரு மாமி என் கையைப் பிடித்து இழுத்தார்.

"உவள் ஆர் பிள்ளை? செத்த வீட்டுக்கு வந்தமாதிரி வந்து நிக்கிறாள்?"

"என்ரை சிநேகிதி, மாமி."

"காதிலை உவ்வளவும் என்னத்துக்கு?"

கேட்ட மாமியின் காதில் தோடு, அதற்குக் கீழே ஜிமிக்கி, காதிலிருந்து கூந்தலுக்கு ஏறும் மாட்டல். என் தோழியின் காதில் சங்கிலி கீழே இறங்கியது. மாமியின் காதில் மேலே ஏறியது. திருநெல்வேலிப் பக்கத்துப் பாட்டிகள் குணுக்குப் போட்டுக் காதை வளர்த்து, மடலில் பாம்படமும் தண்டட்டியும் தொங்கவிட்டு, மேற்காதில் கொப்பும் முருகும் அணிந்தவர்கள். கனத்தை அடியிலும் சிறியதை மேலேயும் வைக்கும் அந்தக் கணக்கை அவர்களுக்கு யாரும் சந்தையில் கற்றுத்தரவில்லை. ஒரு காதில் பல நகை என்பது நமக்குப் புதிதே இல்லை. நாம் அஞ்சியது கறுப்புக்குத்தான்.

அந்த அச்சம் எதுவரை போகும் என்பதை 2007 ஆகஸ்டில் பார்த்தோம். லங்காஷயரின் பேக்கப் என்ற ஊரில், பூங்காவில் காதலனோடு இருந்த சோஃபி லங்காஸ்டர் என்ற 20 வயதுப் பெண்ணை ஒரு பையன் கூட்டம் அடித்து வீழ்த்தியது. சில நாளில் அவள் இறந்துபோனாள். அவள் செய்த குற்றம் கோத் கோலத்தில் இருந்தது மட்டுமே. 2013இல் பெரு மான்செஸ்டர் காவல்துறை இப்படியான தாக்குதல்களையும் வெறுப்புக் குற்றங்களாகப் பதிவு செய்யத் தொடங்கியது. காவல்துறையின் அந்தச் செய்தி வந்த இரவு என் தோழியோடு நெடுநேரம் பேசினேன். அடுத்த திங்கள் அவள் அலுவலகத்துக்கு ஊசியையும் சங்கிலியையும் போட்டுக்கொண்டு போனாள்.

இப்போது இருக்கும் காலத்துக்கு வருகிறேன். போன மாதம் என் பெறாமகள் கோதிக் காது வேண்டும் என்றாள். மத்திய லண்டனில் ஒரு பெரிய கடைக்கு அழைத்துப் போனாள். எங்கள் நாளில் அதே கடையில் என் தோழியையும் என்னையும் காவலாளி மாடி மாடியாகத் தொடர்ந்து வந்தார். இன்று அங்கே நகைப் பிரிவின் நடுவில் சாய்வு நாற்காலி, பெரிய விளக்கு, காதைப் படம் பிடித்து எந்த இடத்தில் எது வரவேண்டும் என்று திரையில் வரைந்து காட்டும் ஒரு பெண். முன்பதிவு இல்லாமல் உட்கார முடியாது. கோதிக் தொகுப்பு என்று ஒன்றைத் தட்டில் வைத்தார்: பிறை, கத்தி, பாம்பு, கறுப்புக் கற்கள் என ஐந்து. எல்லாம் அளவெடுத்தாற்போல, எல்லாம் கடுகளவு.

அவர்களுடைய வேலையை நான் மதிக்கிறேன். எங்கள் நாளில் குருத்தெலும்பிலும் காது குத்தும் துப்பாக்கி வைத்துத்தான் அடித்தார்கள். குருத்தெலும்புக்குத் தனியாக இரத்தக் குழாய் கிடையாது; மேலே மூடியிருக்கும் சவ்விலிருந்துதான் அதற்கு ஊட்டம். நசுங்கிய இடத்தில் சீழ் வைத்துக் காதின் வடிவமே சுருங்கிப் போனவர்களை எனக்குத் தெரியும். இன்று உட்துளையுள்ள ஊசி, டைட்டானியம். நிக்கல் கசியும் தோடுகளுக்கு ஐரோப்பாவில் 1994இல் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். மலிவுத் தோடு போட்டு மடல் வெந்துபோன தலைமுறைக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் அந்தத் தட்டில் இருந்தது கோதிக் காது இல்லை. மூன்றடி தள்ளி நின்றால் ஒன்றும் தெரியாது. அசைவது எதுவுமில்லை. கறுப்பு இருந்தது, நிழல் இல்லை. ஒரே பட்டறையிலிருந்து ஒரே நாளில் வந்த ஐந்து பொருள்கள் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கவே மாட்டா. அந்தச் சண்டையில்தான் இந்தக் கோலத்தின் உயிர் இருந்தது. நான் இதை அந்தப் பெண்ணிடமே சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. ஒரே தடவையில் ஐந்து குத்துவது தனக்கும் விருப்பமில்லை என்றார். கடைசியில் விளிம்பில் இரண்டு மட்டும் குத்தினோம். மடல் ஆற ஆறு முதல் எட்டு வாரம். விளிம்பு ஆற ஆறு மாதமாவது, பலருக்கு ஒரு வருடம். அதுவரை அங்கே வெறும் டைட்டானியக் குச்சிதான்.

மடலில் அவளுக்குக் குழந்தையில் குத்திய துளை இருக்கிறது. அதற்கு, சந்தையில் தேடிப் பிடித்த ஒரு சிலந்தியைக் கொடுத்தேன். நல்ல கனம், பள்ளமெல்லாம் கறுப்பு. வீட்டு வாசலில் தங்கை அதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அக்கா, வாற மாசம் கலியாண வீட்டுக்கும் இவள் உதோடைதான் வரப்போறாளோ?"

"ஓம். மாட்டலையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு வருவாள்."