கடைசி வரிசைக்கும் ஒரு முகம்

கே: ராக் கச்சேரிக்குப் பாட்டுக் கேட்கத்தானே போகிறோம்? மைதானத்தில் இத்தனை பெரிய திரை எதற்கு?

ப: கையை முழுக்க நீட்டி உங்கள் சுண்டுவிரல் நகத்தைப் பாருங்கள். 100 மீட்டர் தள்ளி மேடையில் நிற்கும் ஆள் உங்கள் கண்ணுக்கு அந்த உயரம்தான். அந்த நகத்துக்குள் ஒருவர் கண்ணை மூடி உருகிப் பாடுகிறார், பக்கத்தில் இன்னொருவர் ஆறு தந்திகளில் உயிரைக் கொடுக்கிறார். மேல் அடுக்கில் உட்கார்ந்திருப்பவரும் காசு கொடுத்துத்தானே வந்தார்? திரையை ஆடம்பரம் என்று சொல்லாதீர்கள். அது கடைசி வரிசைக்குச் சேர வேண்டிய பங்கு.

கே: இதை ஆரம்பித்து வைத்தது யார்?

ப: பிங்க் ஃபிளாய்ட் 1970களிலேயே மேடைக்குப் பின்னால் வட்டத் திரை கட்டி ஃபிலிம் ஓட்டினார்கள். ஆனால் நடப்பதை நடக்கும்போதே பெரிதாக்கிக் காட்டும் மாபெரும் வண்ணத்திரை விளையாட்டு மைதானத்திலிருந்து வந்தது. 1980இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர் ஸ்டேடியத்தில் மிட்சுபிஷியின் டயமண்ட் விஷன். 1985இல் ஜப்பானின் சுகுபா கண்காட்சியில் சோனியின் ஜம்போட்ரான். இரண்டுமே பழைய டிவி பிக்சர் டியூபின் வம்சம். பேஸ்பால் மைதானத்தில் நிரந்தரமாக நிறுத்தினால் சரி. ஊர் ஊராக லாரியில் சுற்றும் இசைக்குழுவுக்கு அந்த டியூப்களின் கனம் பெரிய பாரம்.

கே: அப்புறம் எல்லாவற்றையும் மாற்றியது எது?

ப: நீலம். சிவப்பு எல்இடி 1962லேயே வந்துவிட்டது. பளிச்சென்ற நீலமோ முப்பது வருஷம் யார் கைக்கும் சிக்கவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளை ஒளி கிடையாது. மனித முகத்தின் நிறத்தையும் சரியாகக் காட்ட முடியாது. 1993இல் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நாகமுரா அதைச் சாதித்தார். அதற்கு முன்பே வழி போட்டவர்கள் அகாசாகியும் அமானோவும். 2014இல் நோபல் மூவருக்கும் சேர்ந்து வந்தது.

ராக் உலகம் அதுவரை காத்திருக்கவில்லை. 1997 ஏப்ரல் 25, லாஸ் வேகாஸ். யூ2 குழுவின் ‘பாப்மார்ட்’ சுற்றுப்பயணத்தின் முதல் இரவு. மேடைக்குப் பின்னால் 150 அடிக்கும் மேல் அகலமான எல்இடி திரை; ஊர் சுற்றும் கச்சேரி அதற்கு முன் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வடிவமைத்தவர்கள் மார்க் ஃபிஷரும் வில்லி வில்லியம்ஸும். திரையைச் செய்தது மாண்ட்ரியலின் சாகோ நிறுவனம்.

இதில் என்னை இன்றும் வியக்க வைப்பது திரையின் அளவல்ல, அதன் இடைவெளி. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டிருந்தார்கள். கிட்டே போனால் சிவப்பு, பச்சை, நீலப் பொட்டுகள்தான் தெரியும், படமே இருக்காது. பின்னால் நகர நகரப் பொட்டுகள் ஒன்றில் ஒன்று கலந்து, யூ2 பாடகர் போனோ மூக்கும் முழியுமாக வந்து நிற்பார். செலவும் எடையும் அதனால்தான் கட்டுக்குள் வந்தன. தூரத்தில் இருப்பவருக்காகவே செய்த திரை அது. அந்தத் துணிச்சலுக்கு நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.

கே: அதே பயணத்தில் எலுமிச்சம்பழத்துக்குள் மாட்டிக்கொண்டார்களாமே?

ப: ஆமாம். 40 அடி உயரத்தில், கண்ணாடிச் சில்லு பதித்த இயந்திர எலுமிச்சை. அது திறந்து குழுவினர் நால்வரும் இறங்கி வர வேண்டும். ஆஸ்லோவில் திறக்க மாட்டேன் என்றது. நால்வரும் ஊறுகாயாகாமல் பின்பக்க அவசர வழியாக வெளியே வந்தார்கள்.

கே: திரை நன்றாகத்தான் இருக்கிறது. போனில் வீடியோ எடுத்தால் மட்டும் குறுக்கே கருப்புப் பட்டை ஓடுகிறதே?

ப: எல்இடி தொடர்ந்து எரிவதில்லை, விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அணைந்து எரிகிறது. வெளிச்சத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அப்படித்தான். கண் அதைச் சேர்த்துப் பார்த்துவிடும். போன் கேமரா படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக எடுக்கிறது. திரை அணைந்திருந்த கணத்தில் எடுத்த வரிகள்தான் அந்தப் பட்டை. கச்சேரியைப் படம் பிடிப்பவர்கள் கேமராவின் ஓட்டத்தைத் திரையின் ஓட்டத்தோடு பூட்டிவிடுவார்கள். உங்களுக்கு எளிய வழி: போனைப் பையில் வையுங்கள்.

கே: திரையில் வாய் அசைந்து முடிந்த பிறகு குரல் வருகிறது. ஏமாற்று வேலையா?

ப: காற்றைக் குற்றம் சொல்லுங்கள். ஒலி 100 மீட்டர் வர ஏறத்தாழ 0.3 விநாடி ஆகும், ஒளிக்கு நேரமே ஆகாது. கேமராவிலிருந்து கருவிகள் வழியாகத் திரைக்குப் போவதற்குள் படமும் சில ஃபிரேம் பின்தங்கும். அந்தத் தாமதம் முன்வரிசைக்காரருக்குத் தொல்லை, நடுவில் இருப்பவருக்கு உதவி. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சரியாக அமையவே அமையாது.

கே: எல்லோரும் திரையையே பார்த்தால் மேடையில் இருப்பவர் எதற்கு?

ப: நியாயமான கோபம். யூ2வே 1992இல் ‘ஜூ டிவி’ பயணத்தில் மேடை முழுக்கத் திரைகளை நிறைத்து, டிவி வெள்ளத்தில் மனிதன் மூழ்குவதையே நிகழ்ச்சியாக்கினார்கள். 2009இல் ‘360 டிகிரி’ பயணத்தில் எதிர்த் திசையில் போனார்கள். குழு மைதானத்துக்குள்ளே, கூட்டம் சூழ நின்றது. தலைக்கு மேல் 54 டன் எடையில், சக் ஹோபர்மன் வடிவமைத்த உருளைத் திரை வலைபோல் விரிந்து கீழே இறங்கியது. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒரே பார்வையில் ஆளும் படமும் தெரிந்தன.

என்னைக் கேட்டால், கவலைப்பட வேண்டியது முன்கூட்டியே தயாரித்த படங்களைப் பற்றி. அவை டைம்கோடில், அதாவது முன்பே குறித்த நேரக் கணக்கில், ஓடும். டிரம்மர் காதில் அதே கணக்கில் ‘கிளிக்’ ஒலிக்கும். குழு அதை விட்டு விலக முடியாது. கிட்டார்க்காரருக்கு அன்று கை நன்றாக வந்து இன்னும் எட்டு சுற்று வாசிக்கத் தோன்றினாலும், படம் அடுத்த பாட்டுக்குப் போய்விடும். அதனால்தான் மேடைக்கு முன்னால் குனிந்தபடி ஓடும் கேமராக்காரரை நான் மதிக்கிறேன். சோலோ வருகிறது என்று இயக்குநர் ஹெட்செட்டில் சொல்வதற்குள் அவர் லென்ஸ் அந்த விரல்களில் இருக்க வேண்டும். பாட்டை மனப்பாடமாகத் தெரியாதவர் அந்த வேலைக்கு லாயக்கில்லை.

கே: கோல்ட்ப்ளே கச்சேரியில் கூட்டமே ஒளிர்கிறதே, அது எப்படி?

ப: ஒவ்வொருவர் கையிலும் எல்இடி பட்டை; தூரத்திலிருந்து வரும் சிக்னலுக்கு நிறம் மாறும். 2012இலிருந்து செய்கிறார்கள், 2025 ஜனவரியில் அகமதாபாத்திலும் பார்த்தோம். கடைசி வரிசைக்காரரையே திரையின் ஒரு புள்ளியாக்கிய யோசனை, எனக்கு மிகவும் பிடித்தது. முடிந்ததும் பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அடுத்த ஊரில் இன்னொருவர் கட்டிக்கொள்ள.

கே: ஒரே ஒரு டிக்கெட் வாங்கப் பணம் இருக்கிறது. எங்கே வாங்கட்டும்?

ப: மேடைக்கு நேர் எதிரே, ஒலி, ஒளி மேசைகள் இருக்கும் கூடாரத்துக்குப் பக்கத்தில். அங்கே நின்றுதான் ஒலியைக் கலக்குகிறார்கள், ஒளியை அமைக்கிறார்கள். கூடாரத்துக்கு நேர் பின்னால் மட்டும் வாங்காதீர்கள், கம்பி மறைக்கும்.