சடையங்குப்பத்துக்கு லொகேஷன் போடுங்க

2025 மே மாதம் அஞ்சல் துறை நமக்கெல்லாம் ஒரு வரம் கொடுத்தது. பெயர் டிஜிபின். நாட்டை நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டங்களாக நறுக்கி, கட்டத்துக்கு ஒரு பத்தெழுத்துக் குறியீடு. கடலைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆகவே கொசஸ்தலையாற்று ஆகாயத்தாமரைக்கு இப்போது முகவரி உண்டு. எண்ணூர்ச் சாம்பல் மேட்டில் உட்கார்ந்திருக்கும் காக்கை நாலடி எடுத்து வைத்தால் அதற்கு வேறு முகவரி. வடசென்னைச் சடையங்குப்பத்து இருளர் காலனிக்காரர் மட்டும் 108 ஓட்டுநரிடம் இன்னும் போனில் கத்திக்கொண்டிருக்கிறார்: "கம்பெனி காம்பவுண்டு முடியிற எடத்துல திரும்புங்கண்ணா... ஐயோ, அது வேற கம்பெனிண்ணா!"

முகவரியை அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றித் தரும் மென்பொருளின் லட்சணத்தையும் பார்த்துவிடுவோம். முதலில் கதவு எண்ணைத் தேடும். பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் எழுதும் சென்னை வழக்கத்தைப் பார்த்து முழிக்கும். அப்புறம் தெரு. தெரு அதன் பட்டியலில் இல்லையா, ஊர்ப்பெயர். அதுவும் பிடிபடவில்லையா, பின்கோடு வட்டாரத்தின் நட்டநடுவில் ஒரு புள்ளி குத்திவிடும். தெரியாது என்று சொல்ல அதற்குக் கூச்சம். தெரியாததையும் ஆறு தசமத்தோடு சொல்லும். ஆறாவது தசமம் என்றால் அரைச் சாண் துல்லியம்! ஏதோ அரசாங்க ஆபீசில் வளர்ந்த பிள்ளை போலிருக்கிறது.

அமெரிக்காவிலும் இந்தக் கூத்து நடந்தது. இணைய இணைப்பு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துத் தரும் நிறுவனம் ஒன்று, நாட்டில் எங்கே என்று தெரியாத கோடிக்கணக்கான இணைப்புகளையெல்லாம் கான்சாஸில் ஒரு பண்ணைவீட்டின் தலையில் கட்டியது. போலீஸ், வரித்துறை என்று ஆள் மாற்றி ஆள் வந்து கதவைத் தட்டினார்கள். 2016இல் குட்டு உடைந்ததும் நிறுவனம் அந்தப் புள்ளியைத் தூக்கி ஓர் ஏரிக்குள் போட்டது. நமக்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை. சடையங்குப்பத்தில் பெருமழை பெய்தால் வீடே ஏரிக்குள் போய்விடும்.

இத்தனைக்கும் இந்தியாவை அளக்க ஆரம்பித்ததே இந்தச் சென்னையில்தான். 1802இல் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் சங்கிலி பிடித்துப் போட்ட கோடு, பின்னாளில் இமயம் வரை போனது. நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தின் தீர்க்கரேகையை வைத்துத்தான் துணைக்கண்டத்தின் இடங்களுக்குக் கணக்குப் பார்த்தார்கள். அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது சடையங்குப்பம். 2011இல் மாநகராட்சியிலும் சேர்த்தாயிற்று. எவரெஸ்டுக்குக் கிடைத்த மரியாதை இன்னும் வந்து சேரவில்லை.

அதிகாரிகளுக்கு வரைபடம் கைவராது என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். 1996இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடலோர வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் இருக்கிறது. மாநிலக் கடலோர ஆணையம் பிறகு நீட்டிய வரைபடத்தில் 6,500 ஏக்கர் கழிமுகத்தைக் காணோம் என்று, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கியவர்கள் 2017இல் அம்பலப்படுத்தினார்கள். 6,500 ஏக்கர் தண்ணீரைத் துடைத்துப் போடத் தெரிந்த கைக்கு நாலு தெருவை வரையத் தெரியாதாம். நம்புவோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மணலி சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்து எண்ணெய் யாரிடமும் லொகேஷன் கேட்கவில்லை. வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கரையோரக் குடியிருப்புகளுக்குள் பிசகாமல் நுழைந்தது. சுவரிலும் பீரோவிலும் பிள்ளைகளின் புத்தகப்பையிலும் கறுப்புக் கோடு போட்டு, வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பதையும் குறித்துவிட்டுப் போனது. அதுவல்லவா சர்வே!

எண்ணெய் வந்து சேர்ந்த இடம் தெரிந்தது, புறப்பட்ட இடம்தான் தகராறு. ஆலை வளாகத்திலிருந்து வந்ததென்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். எங்கள் குழாயில் கசிவே இல்லை என்றது நிறுவனம். ஆகாயத்தாமரைக்கும் காக்கைக்கும் முகவரி எழுதிய புண்ணியவான்களே, ஆலையிலிருந்து கால்வாய்க்கு வெளியேறும் ஒவ்வொரு மழைநீர் வாய்க்காலிலும் அந்தப் பத்தெழுத்தைப் பெயின்டில் எழுதி வையுங்கள். அடுத்த மழைக்குக் கமிட்டி போடுகிற செலவாவது மிச்சமாகும்.