சங்கல்ப சிகாமணி

ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியிலே வசிக்கும் பலதரப்பட்ட மனிதர்களுள், நாளைய தினத்தின்மீது அசைக்க முடியாத விசுவாசம் வைத்திருக்கும் ஒருவகைப் பிரகிருதி உண்டு. அதிகாலையில் துயிலெழ வேண்டும், தேகத்தைப் பேண வேண்டும், சம்ஸ்கிருதம் வாசிக்க வேண்டும், சர்க்கரையையும் திண்ணை வம்பையும் அறவே விலக்க வேண்டும் என்கிற உத்தமமான லக்ஷியங்கள் அனைத்தும் இவரிடம் குறைவறக் குடிகொண்டிருக்கும். அவற்றை என்றைக்குத் தொடங்குவது என்கிற அற்ப விஷயம் ஒன்றுதான் தீர்மானமாகாமல் நிற்கும். இவருக்குச் சங்கல்ப சிகாமணி என்று நாமே ஒரு பட்டம் சூட்டிவிடலாம். தெருவுக்கு ஒருவராவது இருப்பதால், தம்மைத்தான் சொல்கிறோம் என்று யாரும் கோபித்துக்கொள்ள நியாயமில்லை.

சிகாமணி பொன்மலை ரயில்வே பணிமனையில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து 1928-இல் பொன்மலையில் நிலைகொண்ட அந்தப் பணிமனையின் சங்கு ஊதுகிற காலத்தில், ஒரு நாளாவது அவர் வாசலுக்கு வெளியே நின்றதாகச் சரித்திரம் இல்லை. ஓய்வு பெற்ற பிற்பாடோ, சங்கை ஊதுகிறவரும் அவரே, அதைக் கேட்க வேண்டியவரும் அவரே என்று ஆகிவிட்டபடியால், ஊதுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் இடையே ஒரு பரஸ்பர சமாதானம் ஏற்பட்டுவிட்டது.

நல்ல காரியத்தை நல்ல நாளில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். சித்திரை முதல் தேதி தவறினால் ஆடிப் பதினெட்டு; அது தவறினால் விஜயதசமி; அதுவும் கைநழுவினால் வைகுண்ட ஏகாதசி; போதாக்குறைக்கு ஆங்கில வருஷப் பிறப்பு. ஆண்டு முழுவதும் உற்சவம் நடக்கிற க்ஷேத்திரத்தில் வாசம் செய்வதில் உள்ள பெரிய சௌகரியம் இது. ஒவ்வொரு தடவையும் பெரிய கடைவீதிக்குப் போய்ப் புதுக் கான்வாஸ் ஜோடோ, புது நோட்டுப் புத்தகமோ வாங்கி வருவார். வாங்கி வந்த அன்றே பாதிக் காரியம் முடிந்துவிட்டதுபோல அவர் முகத்தில் ஒரு திருப்தி படரும்.

ஒரு சமயம், தினந்தோறும் உச்சிப் பிள்ளையாரைத் தரிசிப்பதாகச் சங்கல்பம். முதல் நாள் மலைக்கோட்டையில் தாயுமானவர் சன்னதி வரையில் ஏறி, மூச்சு வாங்கி, சுவாமியின் கருணையை வியந்து இறங்கினார். மறுநாள் அடிவாரத்து மாணிக்க விநாயகரோடு நிறுத்திக்கொண்டார். “கீழேயும் பிள்ளையார், மேலேயும் அதே பிள்ளையார், பேதம் பார்த்து நடுவில் அலைவது அஞ்ஞானம் இல்லையோ?” என்று அவர் கேட்டபோது, அத்வைதத்துக்கு முழங்காலிலிருந்து இத்தனை ஆதரவு கிடைக்கக்கூடும் என்பதை நாம் அறிந்துகொண்டோம்.

இன்னொரு சமயம் துலா ஸ்நானம். ஐப்பசி மாதம் முழுவதும் விடியுமுன் அம்மா மண்டபத்துப் படித்துறையில் காவேரி ஸ்நானம் செய்வதென்று ஏற்பாடு. முதல் தேதி அடைமழை. இரண்டாம் தேதி அதன் விளைவாகத் தும்மல். மாதம் பூராவும் இயலாதவர்களுக்குக் கடைசி மூன்று நாள் போதும் என்று சாஸ்திரத்தில் விலக்கு உண்டென்று யாரோ சொல்ல, நிம்மதியாகப் போர்த்திக்கொண்டார். அந்த மூன்று நாளும் வந்தபோது, கடைசி நாளான கடைமுழுக்கு ஒன்றே மூன்றுக்கும் சமானம் என்றார். அதுவும் கழிந்ததும் அவர் கலங்கிவிடவில்லை. காலதாமதமாக வந்து சேர்ந்த முடவன் ஒருவனுக்காகக் கார்த்திகை முதல் தேதியன்றும் அதே புண்ணியத்தை ஈசன் அருளினான் என்றும், அதற்கு முடவன் முழுக்கு என்று பெயர் என்றும் நமக்கு எடுத்துரைத்தார். ஆனால் அந்தச் சலுகை மாயவரத்துத் துறைக்கு உரியது. அதற்கு விடியுமுன் எழுந்து ரயிலேற வேண்டும் என்று தெரிந்தபோதுதான் அவருக்குப் புராணத்தின்மேல் லேசான மனத்தாங்கல் உண்டாயிற்று.

தோல்வியைக் கண்டு அவர் துவளுகிறவர் அல்லர். அதற்கு வேண்டிய திருஷ்டாந்தங்கள் ஊரிலேயே இருக்கின்றன. ராமானுஜர் திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை போன பிற்பாடுதானே மந்திரார்த்தம் பெற்றார் என்பார். பதினெட்டு முறையும் அவர் நடந்தே போனார் என்பது மட்டும் ஞாபகத்துக்கு வராது. மொட்டையாகச் சில நூற்றாண்டுகள் நின்ற ராயகோபுரம் பதின்மூன்று நிலையும் 236 அடி உயரமுமாக 1987-இல் பூர்த்தியாகவில்லையா என்பார். தள்ளாத வயதில் அந்தக் காரியத்தைத் தோளில் ஏற்று முடித்துவைத்த அஹோபில மடத்து 44-ஆவது ஜீயரை விட்டுவிட்டு, சும்மா நின்ற நூற்றாண்டுகளை மட்டும் தமக்கு முன்னுதாரணமாக எடுத்துக்கொள்வார். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் பெருமாளே சயனத் திருக்கோலத்தில்தானே உலகத்தைப் பரிபாலிக்கிறார் என்று முடிப்பார். அந்தப் பெருமாளுக்கும் விடியற்காலையில் விசுவரூப தரிசனம் என்று ஒன்று உண்டு. பசுவும் யானையும் பக்தர்களும் வந்து காத்திருக்க, கதவு திறந்தே ஆக வேண்டும்.

அவருடைய நோட்டுப் புத்தகம் ஒன்றை நாம் பார்க்க நேர்ந்தது. முதல் பக்கத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள். தலைப்பில் பிள்ளையார் சுழி. கீழே சிவப்பு மசியில், 4.30 எழுதல், 5.00 காவேரி, 6.00 யோகாசனம் என்று முத்து முத்தான எழுத்தில் ஓர் அட்டவணை. இரண்டாம் பக்கத்தில் மூன்று நாட்களுக்குச் சரி அடையாளம். நான்காம் நாளுக்கு ஒரு கேள்விக்குறி. அதற்குப் பின் வெறும் தாள். புத்தகத்தைத் திருப்பினால், பின்பக்கத்திலிருந்து அவருடைய சகதர்மிணி பென்சிலால் எழுதி வந்த பால் கணக்கு, ஒரு நாள்கூட விட்டுப்போகாமல், அரைப் படியும் கால் படியுமாக ஓடி வந்துகொண்டிருந்தது.

அந்த அம்மாளிடம் இதன் ரகசியத்தைக் கேட்டோம். “பால்காரன் வாசல்ல வந்து நிக்கறானே, எழுதாம முடியுமா? இவருக்கும் உறுதி இல்லாம இல்லை, வாசல்ல வந்து நிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்” என்றார். மனோதிடத்தைப் பற்றிக் கனத்த புத்தகங்கள் எழுதியவர்கள் இத்தனை சுருக்கமாகச் சொன்னதாக நமக்கு நினைவில்லை.

சொன்னதோடு நிற்காமல் அந்த அம்மாள் ஒரு காரியமும் செய்தார். கண்ணில் புரை எடுத்துக்கொண்டு, தனியே காவேரிக்குப் போகத் தயங்கிக்கொண்டிருந்த எதிராத்து மாமாவிடம், “நம்மாத்துல இவர் தினம் போறார், உங்களையும் கையைப் பிடிச்சு அழைச்சுண்டு போவார்” என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தார். மறுநாள் ஐந்து மணிக்குத் திண்ணையிலே மாமா. கையில் செம்பு, தோளில் உலர்ந்த வேஷ்டி. “என்ன ஓய், கிளம்பலாமா?” என்று ஒரு குரல், அதற்கு முன் இரண்டு கனைப்பு. உள்ளே சிகாமணி மனைவியை நோக்கிச் செய்த முகபாவங்களை வர்ணிப்பது சாத்தியமில்லை. ஆனால் எண்பது வயதுப் பெரியவரை வாசலில் நிறுத்திவைத்துப் போர்வையை இழுத்துக்கொள்ளும் துணிவு அவருக்கு இல்லை. அன்று போனவர், மார்கழிப் பனியிலும் ஒரு நாள் விடவில்லை.

இந்த வெற்றியைப் பாராட்டுவதற்காக ஒரு காலையில் நாம் போனபோது, நெற்றியில் ஈரம் காயாத திருமண்ணோடு காபியைக் குடித்துவிட்டு, அவர் ஒரு புது நோட்டுப் புத்தகத்தின் மூலைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். தை முதல் தேதியிலிருந்து அதிகாலையில் எழுவது என்று முதல் வரி எழுதியாகியிருந்தது. தினமும் நாலரைக்கு எழுந்துகொண்டுதானே இருக்கிறீர்கள் என்று நாம் வியப்போடு நினைவூட்டினோம்.

“அது மாமாவுக்காகன்னா எழுந்திருக்கறது!” என்றார் சிகாமணி. “அதைக் கொண்டுபோய் நம்ம கணக்கில் சேர்க்கலாமோ?”